ஒவ்வாமை: இல்லை

மூணு பத்து. இந்த பிளாஸ்டிக் ஸ்டூலைச் செஞ்சவனுக்கு முதுகுன்னு ஒண்ணு கிடையாது போல, இருந்திருந்தா இப்படிச் செஞ்சிருக்க மாட்டான். காலையில அஞ்சரைக்கு அக்கா போன் பண்ணினதிலேர்ந்து நான் உட்கார்ந்ததெல்லாம் ஆட்டோவிலயும் இதுலயும்தான், மத்த நேரமெல்லாம் நின்னேன், அட்மிஷன் கவுன்டர்ல, ஸ்கேன் எடுக்கிற இடத்துல, மருந்துக் கடையில, லிஃப்ட் வாசல்ல. நடுவுல ஒரு டீ வாங்கினேன், வாய்ல வைக்கிறதுக்குள்ள பேரைக் கூப்பிட்டுட்டாங்க, அது எந்த ஜன்னல்ல ஆறிக் கிடக்கோ. அக்கா இப்பத்தான் கண்ணை மூடியிருக்கா. கிட்னியில கல்லாம், ஏழு மில்லிமீட்டர், மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு, அது மின்சார வாரிய ஆபீஸ்ல அத்தனை பேரையும் மிரட்டி வேலை வாங்குற திலகவதியைத் தரையில உருள வெச்சுடுச்சு. கதவைத் திறந்து விடக்கூட முடியலை அவளால, பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட இருந்த சாவியைப் போட்டுத்தான் உள்ளயே போனேன். டாக்டர் ட்ரிப்ஸ்ல என்னத்தையோ சேர்த்தார், கொஞ்சம் அடங்குச்சு, மறுபடி வரும், நாலு மணிக்கு ஒரு வலி ஊசி எழுதியிருக்கேன், அதைப் போட்டா ராத்திரி வரைக்கும் நல்லாத் தூங்குவாங்கன்னு சொல்லிட்டுப் போனார். சரி, நாலு மணிக்கு ஊசி. அதுவரைக்கும் ட்ரிப்ஸ் சொட்டுறதைப் பார்க்கணும், என் வேலை அவ்வளவுதான். இருபத்திமூணு சொட்டு எண்ணினேன், அப்புறம் விட்டுட்டேன்.

பெண்கள் வார்டு, ஆறு பெட். எதிர்ல நர்ஸ் மேஜை, பிரிசில்லா சிஸ்டர் உட்கார்ந்து எதையோ எழுதிக்கிட்டிருக்காங்க, ஜன்னல் வெளிச்சம் அடிக்குதுன்னு மானிட்டரை இந்தப் பக்கமாத் திருப்பி வெச்சிருக்காங்க, அதனால அது என் மூஞ்சிக்கு நேரா இருக்கு. நான் எழுதின ஸ்கிரீன். நானும் மாலிக்கும் இன்னும் ரெண்டு பேரும் எழுதினது, ஆனா இந்த வார்டு பக்கம் முழுக்க நான்தான். காலையில கவுன்டர்ல பார்த்ததுமே சொல்லலாம்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, தம்பி, நீங்க தட்டுறீங்களே, அது எங்க கம்பெனி சாஃப்ட்வேர்னு. அக்கா வயித்தைப் பிடிச்சுக்கிட்டு முனகுற நேரத்துல அந்தப் பெருமை ஒண்ணுதான் குறைச்சல்னு வாயை மூடிக்கிட்டேன். பதினோரு ஆஸ்பத்திரியில ஓடுது. பத்தொன்பது வருஷ வேலையில கண்ணால பார்த்து, இதோ இதை நான் செஞ்சேன்னு சொல்ல முடியுற ஒண்ணே ஒண்ணு. எழுத்து நல்லா பெரிசா இருக்கு, தமிழ்ல இருக்கு, அதுக்குச் சண்டை போட்டது நான். பெட் ஒண்ணு, கோகிலவாணி, ஒவ்வாமை: இல்லை. பெட் ரெண்டு, நூர்ஜஹான், ஒவ்வாமை: இல்லை. பெட் மூணு, திலகவதி, ஒவ்வாமை: இல்லை. நாலு, இல்லை. அஞ்சு, இல்லை. ஆறு, இல்லை. ஆறு பொம்பளைங்க, ஒருத்திக்குக்கூட ஒரு மருந்தும் ஒத்துக்காம இல்லை, நல்ல ஆரோக்கியமான வார்டு. ஃபேன் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு ஓடுது.

மஞ்சப் பட்டை எங்கே? அதைக் காணோமே. கேட்கிற வரைக்கும் அந்த இடத்துல ஒரு மஞ்சப் பட்டை இருக்கணும், அதுமேல 'கேட்கவில்லை'ன்னு எழுதியிருக்கணும், நோயாளிகிட்டக் கேட்டு யாராவது ஒருத்தர் உண்டு, இல்லைன்னு நிரப்பினாத்தான் அது போகும், அதுக்காகத்தானே அந்தப் பட்டையை வெச்சோம். அப்ப யாரோ கேட்டிருக்காங்க. யார் கேட்டாங்க? காலையில கவுன்டர்ல அந்தத் தம்பி பேர் கேட்டான், வயசு கேட்டான், நாப்பத்தொம்பதுன்னேன், அக்கா அந்த வலியிலயும் நாப்பத்தெட்டுன்னா. போன் நம்பர், விலாசம், இன்சூரன்ஸ், கூட இருக்கிறவங்க யாரு, தங்கச்சி, பேரு, மங்கையர்க்கரசி, கையெழுத்துப் போடுங்க. போட்டேன். ஏதாவது மருந்து ஒத்துக்காதாம்மான்னு அவன் கேட்கலை. டாக்டர் கேட்டாரா? டாக்டர் வயித்தை அமுக்கினார், இங்கே வலிக்குதா, இங்கே வலிக்குதா, ஸ்கிரீனைப் பார்த்தார், எழுதினார், போனார். கவுன்டர்ல கேட்டிருப்பாங்கன்னு டாக்டர் நினைச்சிருப்பார், டாக்டர் கேட்பார்னு கவுன்டர்ல நினைச்சிருப்பாங்க, நடுவுல ஸ்கிரீன் இல்லைங்குது, ரெண்டு பேருக்கும் நிம்மதி. யாரும் கேட்காம எப்படி இல்லைன்னு வந்துச்சு? இரு, இரு, அவசரப்படாதே அரசி, தூக்கம் இல்லாத மூளை, எதையாவது கோத்துக்கிட்டுக் கிடக்கும்.

ஆனாலும் கண்ணை மூடினா நான் எழுதின புரோகிராம் ஓடுது, என்ன செய்யிறது, சில பேருக்கு மூடினா சாமி தெரியுது, எனக்கு இது. உள்நோயாளின்னு ஒரு கிளாஸ், கிளாஸ்னா அச்சு, ஒரு ஆள் அட்மிட் ஆனா அந்த அச்சுலேர்ந்து அவருக்குன்னு ஒரு பதிவு, ஆப்ஜெக்ட்னு சொல்லுவோம், பிறக்கும். அந்த அச்சுக்குள்ள எல்லாத்தையும் எழுதிக் குவிக்கிறதில்லை, ஒவ்வாமைக்கு ஒரு பொட்டலம், சாப்பாட்டுக்கு ஒரு பொட்டலம், கூட இருக்கிறவங்க விவரத்துக்கு ஒரு பொட்டலம்னு தனித்தனியா எழுதி வெச்சுக்கிட்டு வேணுங்கிற அச்சுல கலந்து விடுவோம், 'மிக்ஸின்'னு பேரு. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஆப்ஜெக்ட் பிறக்கும்போது செய்யவேண்டிய வேலை ஒண்ணு இருக்கு. ஒவ்வாமைப் பொட்டலம் பிறந்ததும் தன் டப்பாவைத் திறந்து 'இன்னும் கேட்கவில்லை'ன்னு ஒரு சீட்டைப் போட்டு வைக்கணும். ஆனா அது தானா எந்திரிச்சு வந்து செய்யாது. முதல்ல ஓடுறது அச்சோட சொந்தத் தொடக்கம், அது தன் வேலையை முடிச்சுட்டு 'சூப்பர்'னு ஒத்தை வரியில அடுத்தவனைக் கூப்பிடணும், அவன் தன் வேலையை முடிச்சு அவனுக்கு அடுத்தவனைக் கூப்பிடணும். கல்யாண வீட்டுல வாசல்ல வரவேற்கிறவர் பந்திக்குத் தகவல் சொல்லலைன்னா உள்ளே இலை விழாது, அந்த மாதிரிதான். வெளிநோயாளி அச்சுல அந்த வரி இருக்கு, நானே எழுதினேன். போன ஆவணியில வார்டுக்குன்னு புதுசா உள்நோயாளி அச்சு போட்டேன், பெட் நம்பரும் வார்டும் வாங்கிக்கணும்னு அதுக்கு ஒரு சொந்தத் தொடக்கம் எழுதினேன். பேர், வார்டு, பெட், மூணு வரி. நாலாவதா அந்த 'சூப்பர்' வரி? மூணு வரிதான் தெரியுது. எத்தனை தடவை மூடித் திறந்தாலும் மூணு வரிதான்.

அடப்பாவி. அந்த வரி இல்லைன்னா டப்பாவே திறக்கலை, உள்ளே சீட்டு இல்லை, 'கேட்கவில்லை'யும் இல்லை, 'இல்லை'யும் இல்லை, சும்மா வெறும் பாழ். அப்ப ஸ்கிரீன் வெடிச்சிருக்கணுமே, சிவப்பா பிழைன்னு வந்திருக்கணுமே. வந்துச்சு. வந்துச்சு, வந்துச்சு, இப்ப ஞாபகம் வருது, ஒரு ஆஸ்பத்திரியில டைரக்டர், டீன் எல்லாரும் நிக்கிறாங்க, திறந்து காட்டினா வார்டு பக்கம் பொத்துன்னு விழுந்துடுச்சு, நான் வேர்த்து விறுவிறுத்துப் போய் ஏன்னு தேடாம, காட்டுற இடத்துல ஒண்ணைச் செருகினேன்: டப்பா பாழா இருந்தா காலிப் பட்டியல்னு எடுத்துக்கோ. காலிப் பட்டியல்னா ஸ்கிரீன் என்ன காட்டும்? இல்லைன்னு காட்டும். ரெண்டு நிமிஷத்துல பக்கம் திறந்துடுச்சு, டைரக்டர் தலையாட்டினார், வரும்போது மாலிக் தள்ளுவண்டிக் கடையில பன் பட்டர் ஜாம் வாங்கிக் குடுத்தான். ஏன் விழுந்துச்சுன்னு அப்புறம் பார்க்கலாம்னு நினைச்சேன். அப்புறம்ங்கிறது எங்க தொழில்ல ஒரு ஊர், யாரும் போய்ச் சேர்ந்ததில்லை. இதுல பெரிய கூத்து என்னன்னா, ஆபீஸ்ல யார் புதுசா அச்சு எழுதினாலும் நாற்காலி பின்னாடி நின்னு, கூப்பிட்டியா, அடுத்தவனைக் கூப்பிட்டியான்னு உயிரை எடுக்கிறவ நான், பசங்க எனக்கே அதைப் பட்டப்பேரா வெச்சிருக்காங்க. நான் எழுதினதை மாலிக் சரிபார்த்தான். கட்டைவிரல் படம் போட்டான், முடிஞ்சுது. அவன் என்கிட்டக் கேட்பானா, கூப்பிட்டீங்களாக்கான்னு? அவளுக்குத் தெரியாததான்னு விட்டிருப்பான்.

சரி. திங்கக்கிழமை பார்த்துக்கலாம். ஒரு வரிதானே. சத்தமில்லாம சேர்த்துட்டா அடுத்த பதிப்போட போயிடும், யாருக்கும் தெரியாது, மாலிக்கிட்டக்கூடச் சொல்ல வேண்டாம், பத்தொன்பது வருஷத்துக்கு அப்புறம் ஒத்தை வரியை மறந்தேன்னு சொல்லிக்கிட்டு நிக்கணுமா. இன்னைக்கு என்னால முடியாது. உடம்பு முழுக்க ஈரத்துணி மாதிரி கனக்குது, ஜாக்கெட் முதுகோட ஒட்டிக்கிச்சு, பசிக்குதா குமட்டுதான்னே தெரியலை. மூணு முப்பத்தஞ்சு. பதினோரு ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரிக்கு நாப்பது பெட்னு வெச்சுக்கிட்டாலும், ஆவணியிலேர்ந்து தை வரைக்கும், வேண்டாம், பெருக்காதே. யாராவது வாயாலயே கேட்டிருப்பாங்க, நர்ஸுங்க கேட்பாங்க, நோயாளிங்களே சொல்லியிருப்பாங்க, எனக்கு இது ஒத்துக்காதுன்னு. வாய் இருக்கிறவங்க சொல்வாங்க. தூங்குறவங்க? வலியில பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கிறவங்க? இவளைக் கேட்டா என்ன சொல்லுவா, ஒண்ணுமில்லைம்பா. எதைக் கேட்டாலும் ஒண்ணுமில்லைதான். அத்தான் போய் நாலு வருஷம் ஆச்சு, அந்த வீட்டுல தனியா எப்படிடி இருக்கேன்னு ஒரு தடவை கேட்டிருப்பேனா? அவ நல்லாத்தான் இருப்பான்னு நானே போட்டு வெச்சுக்கிட்டேன். ஞாயித்துக்கிழமை பத்து நிமிஷம் போன், சாப்பிட்டியா, சாப்பிட்டேன், வைக்கட்டுமா. இந்தக் கல் நேத்தா வந்திருக்கும்? மாசக்கணக்கா வலிச்சிருக்கும். எனக்கு வெக்கமா இருக்கு. கேட்டிருக்கணும், நான் கேட்கலை.

அக்காவுக்கு என்ன ஒத்துக்காது? கத்திரிக்காய் ஒத்துக்காது, கை அரிக்கும். ஊதுவத்தி ஒத்துக்காது, தும்முவா. சின்ன மாமனார் ஒத்துக்காது. மருந்து? மருந்துன்னு ஒண்ணும்... கடவாப் பல். கடவாப் பல்லு வலிக்குதுன்னு பொன்மலை வீட்டுல உட்கார்ந்து அழுதா, அவளுக்குப் பதினேழு, எனக்குப் பன்னண்டு, அப்பா கடையிலேர்ந்து ஒரு வலி மாத்திரை வாங்கிட்டு வந்தார். அரை மணி நேரம்கூட ஆகலை. அரசி, என் உதட்டைப் பாருன்னா. உதடு பன்னு மாதிரி வீங்கியிருந்துச்சு, கண்ணு ரெண்டும் கோடாப் போச்சு, நான் முதல்ல சிரிச்சேன், அப்புறம் அவ மூச்சு இழுக்கிற சத்தம் மாறுச்சு, சிரிக்க முடியலை. அப்பா சைக்கிள்ல வெச்சு மிதிச்சார், நான் பின்னாலேயே செருப்பில்லாம ஓடினேன். ரயில்வே டாக்டர் ஊசி போட்டார். பத்து நிமிஷம் தாமதமா வந்திருந்தீங்கன்னா பொண்ணு இல்லைய்யான்னார், அந்த மாத்திரை, அந்த ஜாதியைச் சேர்ந்த எதுவும் இனிமே இவ வாய்ல படக்கூடாதுன்னார். முப்பத்திரண்டு வருஷமாச்சு. எனக்கு மறந்தே போச்சு. கவுன்டர்ல அந்தத் தம்பி ஒரு வார்த்தை கேட்டிருந்தா ஞாபகம் வந்திருக்கும், மஞ்சப் பட்டை இருந்திருந்தா அவன் கேட்டிருப்பான். நாலு மணிக்கு வலி ஊசி. மணி மூணு அம்பத்திரண்டு, பிரிசில்லா சிஸ்டர் மேஜையில இல்லை, கட்டில்கிட்ட வந்துட்டாங்க, கையில ட்ரே, ட்ரேயில மருந்து ஏத்தின சிரிஞ்ச்.

எந்திரிச்சேன்னு நினைக்கிறேன், ஸ்டூல் பின்னால விழுந்த சத்தம் கேட்டுச்சு, அஞ்சாம் பெட் அம்மா திரும்பிப் பார்த்தாங்க. சிஸ்டர், இருங்க, அக்காவுக்கு வலி மருந்து ஒத்துக்காதுன்னேன். அவங்க நின்னாங்க, கோபமில்லை, அவங்களும் காலையிலேர்ந்து நிக்கிறவங்கதான். எந்த மருந்துன்னு கேட்டாங்க. பேர் தெரியலை, சின்ன வயசுல, பல்லுக்குப் போட்டதுன்னேன். மேஜைப் பக்கம் திரும்பி ஸ்கிரீனைப் பார்த்தாங்க.

"சிஸ்டத்துல இல்லைன்னு இருக்கே மேடம்."

"இல்லைன்னு யாரும் சொல்லலை சிஸ்டர். யாரும் கேட்கலை. கேட்காட்டியும் அது இல்லைன்னுதான் காட்டும். அதை எழுதினது நான்."

அவங்களுக்குப் பாதி புரிஞ்சிருக்காது, சிரிப்பாங்கன்னு பயந்தேன். சிரிக்கலை. ட்ரேயைக் கீழே வெச்சுட்டு, அக்கா தோளைத் தட்டி எழுப்பி, திலகவதிம்மா, உங்களுக்கு ஏதாவது மாத்திரை ஒத்துக்காதான்னு காதுகிட்டக் குனிஞ்சு கேட்டாங்க. ரெண்டு தடவை கேட்க வேண்டியிருந்துச்சு. அக்கா கண்ணைத் திறக்காமலே உதட்டை நக்கிக்கிட்டு, பல்லுக்குப் போட்ட மாத்திரைம்மா, செத்துப் பொழைச்சேன், இவளுக்குக்கூடத் தெரியுமேன்னா. இவளுக்குக்கூட. சிஸ்டர் டாக்டருக்குப் போன் பண்ணினாங்க, பேசி முடிச்சு சிரிஞ்சை அப்படியே எடுத்துக் குப்பையில போட்டாங்க, வேற மருந்து ட்ரிப்ஸ்ல போடச் சொல்லியிருக்கார்னாங்க. நான் மாலிக்குக்குப் போன் போட்டேன். என் தப்பு, வார்டு பக்கத்துல 'இல்லை' எதையும் நம்ப வேண்டாம், எல்லாரையும் நேர்ல கேளுங்கன்னு பதினோரு ஆஸ்பத்திரிக்கும் இப்பவே சொல்லுன்னேன். அவன் ஏதோ கேட்டான், அப்புறம் விளக்குறேன்னு வெச்சுட்டேன். பிரிசில்லா சிஸ்டர் அதுக்குள்ள ஒரு பேப்பரை எடுத்துக்கிட்டு மத்த அஞ்சு பெட்டுக்கும் போய்க் கேட்டுட்டு வந்தாங்க. நூர்ஜஹான் அம்மாவுக்கு சல்ஃபா மாத்திரை ஒத்துக்காதாம், அவங்க பேருக்கு நேரா எழுதினாங்க.

எழுதி முடிச்சுட்டு பேனாவை மூடாமலே நின்னாங்க. அப்புறம் மெதுவா, ரோஸ்லின்னு ஒரு நர்ஸ் பொண்ணு இங்கே இருந்தா மேடம்னாங்க. போன மார்கழியில, இதே வார்டு, ஆறாம் பெட், இதே ஊசி, அவ போட்ட கொஞ்ச நேரத்துல அந்தப் பெட்ல இருந்த அம்மாவுக்கு முகமெல்லாம் வீங்கி ஐசியுவுக்குத் தூக்கிட்டு ஓடினாங்க, நாலு நாள் கழிச்சுத்தான் பிழைச்சு வந்தாங்க. ஸ்கிரீன்ல இல்லைன்னுதான் இருந்துச்சுன்னு ரோஸ்லின் அழுதாளாம். ஆனா ஐசியுவுல அந்தம்மாவோட மகன்கிட்டக் கேட்டு மருந்துப் பேரை ஏத்திட்டாங்க, விசாரணைக்கு வந்தவங்க பார்த்தப்ப ஸ்கிரீன்ல பேர் பளிச்சுன்னு இருந்துச்சு. நீ பார்க்காமப் போட்டுட்டேன்னு சொல்லி அவளை வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. கம்பெனிக்கும் எழுதிக் கேட்டாங்களாம், எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு பதில் வந்துச்சாம்.

அந்தப் பதில். மார்கழியில ஒரு புகார் வந்துச்சு, ஒவ்வாமை தவறாகக் காட்டியதாக ஊழியர் கூறுகிறார், சரிபார்க்கவும். சாப்பாட்டு நேரம், டப்பாவைத் திறந்து வெச்சிருந்தேன். வெளிநோயாளி பக்கத்துல போய்ப் பார்த்தேன், மஞ்சப் பட்டை இருந்துச்சு, வார்டு பக்கம் போகலை, அது என் பக்கம், அதுல என்ன இருக்கப்போகுது. 'சோதித்தோம். சரியாக இயங்குகிறது. பயனர் கவனக்குறைவாக இருக்கலாம்.' மூணு வாக்கியம் எழுதி முடிச்சுட்டுக் கை கழுவினேன். அதை எழுதினதும் நான்தான் சிஸ்டர்னு சொன்னேன். சொல்லாம இருந்திருக்கலாம், அவங்களுக்குத் தெரிய வழியே இல்லை. நாங்களும்தான் மேடம் அவளை நம்பலை, நானும் நம்பலைன்னாங்க. லால்குடியில வீட்டோட இருக்கா, வேற எங்கேயும் எடுக்க மாட்டேங்கிறாங்க. பாக்கெட்லேர்ந்து போனை எடுத்துத் தேடி, அந்த நம்பரைத் தட்டி என் கையில குடுத்துட்டு அக்கா ட்ரிப்ஸை மாத்தப் போயிட்டாங்க. ரிங் போச்சு, போய்க்கிட்டே இருந்துச்சு, எடுக்காம இருந்தா நல்லாருக்கும்னு ஒரு நிமிஷம் நிஜமாவே நினைச்சேன். எடுத்துட்டா. பின்னால குக்கர் சத்தம். பிரிசிக்கா, என்னக்கா இந்த நேரத்துல, டூட்டியில இல்லையான்னா, சின்னக் குரல், இருபத்தஞ்சு வயசுகூட இருக்காது.

"நான் பிரிசில்லா இல்லைம்மா. என் பேர் மங்கையர்க்கரசி. அந்த ஸ்கிரீன்ல இல்லைன்னுதான் இருந்துச்சு. நீ சொன்னது உண்மை."